நின்றுபோன வாட்ச், வழுக்கும் கியர்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

சாவி கொடுக்கும் பழைய வாட்சும் பழைய சைக்கிள் கியரும் என் மேசையில் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கின்றன. இரண்டிலும் பல்சக்கரம், ஸ்ப்ரிங், ஒரு பக்கம் சுற்றவிட்டு மறுபக்கம் தடுக்கும் ஒரு சின்ன நாக்கு. இரண்டுக்கும் எதிரியும் ஒன்றுதான்: காய்ந்து பசையாகிப்போன எண்ணெய். "போச்சு, பாகம் உடைஞ்சிருக்கு" என்று கைமாறி வரும் பொருட்களில் பெரும்பாலானவற்றில் எதுவும் உடைந்திருக்காது. பசை பிடித்திருக்கும், காந்தம் ஏறியிருக்கும், அல்லது யாரோ பொருந்தாத பாகத்தைத் திணித்திருப்பார்கள். அதனால் பாகத்தை மாற்றும் யோசனையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் இரண்டு வேலை. முதலில் காதில் வைத்துக் கேளுங்கள் அல்லது கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அப்புறம் எப்படி இருக்கிறதோ அப்படியே நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேவையான கருவிகள் கொஞ்சம்தான்: கண்ணில் பொருத்தும் உருப்பெருக்கி, சாதாரண திசைகாட்டி, நல்ல இரும்பு ஸ்கேல், வெர்னியர் காலிபர், மரை அளக்கும் கேஜ்.

சாவி ஏறுகிறது, வாட்ச் ஓடவில்லை

"அதிகமாகச் சாவி கொடுத்ததால் நின்றுவிட்டது" என்று சொல்லித் தருவார்கள். முழுச் சாவி ஏறிய வாட்ச் ஓடத்தான் வேண்டும். ஓடவில்லை என்றால், சாவியின் சக்தியைச் சேமிக்கும் மெயின் ஸ்ப்ரிங்கில் சக்தி இருக்கிறது, அது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல் வரை வந்து சேரவில்லை என்று பொருள். முதலில் கிரவுன், அதாவது சாவி கொடுக்கும் திருகு, முழுதாக உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நேரம் வைக்கக் கிரவுனை இழுத்தால் செகண்ட் முள் நிற்கும்படி செய்த வாட்சுகள் உண்டு. பாதி இழுபட்ட கிரவுனால் நின்றதைக் கோளாறு என்று கழற்றிவிடக் கூடாது.

அடுத்து, வாட்சை உள்ளங்கையில் படுக்கவைத்து, டயலின் மையத்தைச் சுற்றி லேசாக இடமும் வலமும் திருப்புங்கள். நான்கைந்து விநாடி ஓடி நின்றால் அது பசை. கழற்றிக் கழுவி எண்ணெய் இட்டால் போதும். அசைவே இல்லை என்றால் பின்மூடியைத் திறந்து பேலன்ஸ் வீலை உருப்பெருக்கியில் பாருங்கள். வாட்சைச் சாய்க்கும்போது அந்தச் சக்கரமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளாடினால் அச்சின் முனை முறிந்திருக்கிறது. அந்த முனையின் தடிமன் 0.1 மி.மீ. அளவுதான். அதிர்ச்சி தாங்கும் அமைப்பு வருவதற்கு முன் செய்த வாட்ச் ஒருமுறை தரையில் விழுந்தாலே போதும், முறிந்துவிடும். பேலன்ஸ் நடுவில் உள்ள கல்லின் மேல் யாழ் வடிவத்தில் ஒரு மெல்லிய ஸ்ப்ரிங் தெரிந்தால் அது இன்காப்ளாக் வகை. அப்படி இருந்தால் அச்சு தப்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

தூசியை வாயால் ஊதாதீர்கள். மூச்சில் இருக்கும் ஈரம் எஃகுப் பாகத்தில் துருப்புள்ளி வைக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை வாட்சுக்குள் அடிப்பது அதைவிட மோசம். பேலன்ஸைத் திரும்பத் திரும்ப ஆடவைக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்ப்ரிங் முழுக்க எண்ணெய் படிந்துவிடும்.

ஓடுகிறது, ஆனால் ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓடமாட்டேன் என்கிறது

சாவி கொடுக்கும் பழைய வாட்ச் ஒரு முழுச் சாவிக்கு ஏறத்தாழ 36 முதல் 40 மணி நேரம் ஓட வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தில் நின்றால் இரண்டு சந்தேகம். ஒன்று மறுபடியும் பசை. இன்னொன்று, நீலம் பாய்ச்சிய பழைய எஃகு மெயின் ஸ்ப்ரிங் தன் விறைப்பை இழந்திருப்பது. நல்ல ஸ்ப்ரிங்கை, வாட்சுக்குள் அது சுருண்டிருக்கும் வட்ட டப்பாவிலிருந்து எடுத்ததும் அது அகலமாக விரியும். களைத்துப்போனது சுருட்டிய நிலையிலேயே படுத்துக்கிடக்கும்.

டிக் ஓசையைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவி கையில் இருந்தால் திறக்காமலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். முழுச் சாவியில், டயல் மேலே பார்த்தபடி வைத்து அளக்கும்போது பேலன்ஸின் வீச்சு, அதாவது நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் ஆடும் கோணம், 270 முதல் 300 டிகிரி வரை இருந்தால் ஆரோக்கியம். வயதான வாட்சில் 250 வந்தாலும் நான் திருப்திப்படுவேன். 200க்குக் கீழே போனால் சர்வீஸ் செய்யாமல் கட்டாதீர்கள். உலர்ந்த அச்சுகள் ஒன்றையொன்று அரைத்துக்கொண்டிருக்கின்றன.

கையசைவில் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் என்றால் முதலில் கையால் முப்பது சுற்றுச் சாவி கொடுத்துப் பாருங்கள். நாற்காலியை விட்டு எழாதவர் கையில், சாவி ஏற்றும் ரோட்டார் என்ற தகடு போதுமான அளவு சுற்றாது. அது வாட்சின் குறை ஆகாது. பழைய சீக்கோ ஆட்டோமேட்டிக்குகள் சிலவற்றில் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. அவற்றை ஒரு நிமிடம் மென்மையாக ஆட்டினால் போதும்.

ஒரே நாளில் பத்து, இருபது, நாற்பது நிமிடம் முந்துகிறது

நாளைக்கு இரண்டு மூன்று நிமிடம் முந்தினால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் நெம்பை ஒரு மயிரிழை நகர்த்திச் சரிசெய்யலாம். பத்து நிமிடத்துக்கு மேல் முந்தும் வாட்சில் அந்த நெம்பைத் தொடவே கூடாது. ஹேர் ஸ்ப்ரிங்கின் சுருள்கள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒட்டினால் ஸ்ப்ரிங்கின் நீளம் குறைந்ததுபோல் ஆகும், பேலன்ஸ் வேகமாக ஆடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சின்ன வெள்ளி நிற வாட்சிடம். வாங்கி ஒரு வாரம் நாளைக்கு அரை நிமிடத்துக்குள் நின்ற வாட்ச், திடீரென்று ஒரு ராத்திரியில் நாற்பது நிமிடம் முந்தியிருந்தது. பின்மூடியைத் திறந்து நெம்பின் மேல் ஊசி முனையை வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் என்னவோ தோன்றி நிறுத்தினேன். மேசை டிராயரில் கிடந்த திசைகாட்டியை எடுத்துப் பேலன்ஸுக்கு நேர் மேலே பிடித்தேன். வடக்கு நோக்கி அசையாமல் நின்றிருக்க வேண்டிய முள், பேலன்ஸ் ஆடும் தாளத்துக்கு நடுங்கியது. நன்றாகக் குனிந்து பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு சின்ன நடுக்கம். முந்தின நாள் மாலை வாட்சை எங்கே வைத்தேன் என்று யோசித்தேன். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் டேப்லட் உறையின் ஓரத்தில்.

தீர்வு அரை நிமிட வேலை. காந்தம் நீக்கும் சின்னக் கருவியின் மேல் வாட்சை வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெதுவாக ஒரு கை நீளத்துக்கு விலக்கிக்கொண்டு போய், அப்புறம் விடுங்கள். பக்கத்தில் வைத்தே பொத்தானை விட்டால் காந்தம் திரும்பவும் ஏறிக்கொள்ளலாம். பிறகு திசைகாட்டியால் மறுபடி சோதியுங்கள்.

திசைகாட்டி அசையவில்லை, ஆனால் வாட்ச் முந்துகிறது என்றால் சுருளில் எண்ணெய் ஏறியிருக்கும். உருப்பெருக்கியில் இரண்டு சுருளுக்கு நடுவே பளபளவென்று ஒரு ஈரக் கோடு தெரியும். ஹேர் ஸ்ப்ரிங்கைக் கழுவித்தான் ஆக வேண்டும். இடுக்கியால் பிரித்துவிடப் பார்க்காதீர்கள், வளைந்தால் மீட்பது பெரும்பாடு.

புதிதாக மெயின் ஸ்ப்ரிங் மாற்றிய வாட்ச், முழுச் சாவி கொடுத்த முதல் சில மணி நேரம் மட்டும் தறிகெட்டு முந்துகிறதா? காதில் வைத்தால் சீரான டிக் டிக் கேட்காமல் குதிரை ஓடுவதுபோல் கேட்கிறதா? அளவுக்கு மீறி வலுவான ஸ்ப்ரிங் போட்டிருக்கிறார்கள். பேலன்ஸ் எல்லை தாண்டி ஆடி, இடித்துத் திரும்புகிறது.

டிக் டிக் கேட்கிறது, ஆனால் நேரம் நகரவில்லை

செகண்ட் முள் சுற்றுகிறதா என்று பாருங்கள். அது சரியாகச் சுற்றி, பெரிய முள் மட்டும் பின்தங்கினால் இயந்திரத்தில் குறை இல்லை. பெரிய முள்ளைத் தாங்கும் கேனன் பினியன் என்ற குழாய் தளர்ந்துவிட்டது. நேரம் வைக்கும்போதே இதை உணரலாம். நல்ல வாட்சில் ஒரு மெல்லிய எதிர்ப்பு இருக்கும், தளர்ந்ததில் முள் வெண்ணெயில் போவதுபோல் போகும். அந்தக் குழாயை உரிய கருவியால் ஒரு இம்மி நெருக்க வேண்டும். கட்டிங் பிளேயரால் நெருக்கிப் பிளந்த குழாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

எப்போது பார்த்தாலும் ஒரே நேரத்தில் நிற்கிறது

நின்ற நேரத்தை மூன்று நான்கு தடவை எழுதிவையுங்கள். இது எனக்குப் பிடித்த அறிகுறி, பதிலைத் தன்னிடமே வைத்திருக்கிறது. 1.05, 2.11, 3.16, 4.22 என்கிற வரிசையில் நின்றால் சின்ன முள்ளும் பெரிய முள்ளும் ஒன்றின் மேல் ஒன்று வரும் நேரம் அது. 65 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலாக ஒருமுறை அவை சந்திக்கின்றன, அப்போது உரசி நிற்கின்றன. ஆறு மணி இடத்தில் தனி வட்டத்துக்குள் செகண்ட் முள் உள்ள வாட்ச் ஆறு மணியை ஒட்டி நின்றால், சின்ன முள் செகண்ட் முள்ளின் நடுமுளையில் முட்டுகிறது. நள்ளிரவை ஒட்டி நின்றால் தேதித் தகட்டைத் தள்ளும் பாரம் தாங்கவில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் ஏற்கெனவே பார்த்த பசையும் குறைந்த வீச்சும்தான். முட்கள் உரசினால், வாட்சைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். இடைவெளி இல்லாத இடம் தெரியும்.

சாவி கொடுத்து விட்டால் கிரவுன் படபடவென்று திரும்பிச் சுற்றுகிறது

கிளிக் என்ற நாக்கு அல்லது அதன் ஸ்ப்ரிங் உடைந்திருக்கிறது. கிரவுனைச் சட்டென்று விடாமல் விரலால் உரசிப் பிடித்து, மெதுவாகச் சுழலவிட்டுச் சக்தியை இறக்குங்கள். விட்டால் பற்கள் போகும். இதற்கு நேர்மாறாக, எவ்வளவு சுற்றினாலும் இறுகவே இல்லை என்றால் கையால் சாவி கொடுக்கும் வாட்சில் மெயின் ஸ்ப்ரிங் அறுந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் அது இயல்பு. ஸ்ப்ரிங்கின் முனை டப்பாச் சுவரில் வழுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள்.

தேதி நடுப்பகலில் மாறுகிறது

முட்களைப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் சுற்றுங்கள், அவ்வளவுதான். தேதியை நேரடியாக மாற்றும் வசதி இருந்தாலும் இரவு 9 முதல் விடியற்காலை 3 வரை அதைப் பயன்படுத்த வேண்டாம். அந்த நேரத்தில் பல்சக்கரம் தேதித் தகட்டைக் கவ்விக்கொண்டிருக்கும்.

கண்ணாடிக்குள் ஆவி படிகிறது

குளிர்ந்தால் ஆவி படிந்து, கையில் கட்டியதும் மறைந்தால் "சரியாகிவிட்டது" என்று நினைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே இருக்கிறது. கிரவுனை இழுத்துவிட்டு, அன்றைக்கே திறந்து உலர்த்த வேண்டும். ஹேர் டிரையரின் சூட்டைக் காட்டினால் ஈரம் டயல் மேல் போய்ப் படியும், பெயிண்ட் உரியும். பின்மூடியில் பொறித்த நீர் தாங்கும் அளவு, புது ரப்பர் வளையம் போட்ட நாளுக்கு உரியது. ஐம்பது வருடம் கழித்து அந்த வளையம் கல்லாகியிருக்கும். பழைய வாட்சை, கை கழுவும்போதுகூட நான் கழற்றிவைத்துவிடுவேன்.

இருட்டில் முள் ஒளிரவில்லை

தயவுசெய்து இதைச் சரிசெய்ய முயல வேண்டாம். 1960கள் வரை ஒளிரும் முட்களிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பெயிண்ட் பூசினார்கள். ஒளி செத்துப்போனது, அதில் கலந்த துத்தநாக சல்ஃபைடு சிதைந்ததால். ரேடியம் அப்படியே இருக்கிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 வருடம். அந்த பெயிண்டைச் சுரண்டினால் வரும் தூசி மூச்சிலும் வாயிலும் போவதுதான் பெரிய ஆபத்து. 1920களில் அமெரிக்காவில் டயல் வரைந்த பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியே நோயாளி ஆனார்கள், பலர் இறந்தார்கள். டயலில் முள் நீண்ட நாள் நின்ற இடத்தில் பழுப்பு நிழல் விழுந்திருந்தால் அது ரேடியத்தின் அடையாளம். அப்படிப்பட்ட வாட்சைத் திறக்காமல், காற்றோட்டமான அலமாரியில், படுக்கையிலிருந்து தள்ளி வையுங்கள்.

டயலின் அடியில் ‘டி ஸ்விஸ் டி’ (T SWISS T) என்று இருந்தால் டிரிட்டியம். அதன் அரை ஆயுள் 12.3 வருடம்தான், அதனால் 1970களின் முட்கள் மங்கியது இயற்கை. அந்த இளமஞ்சள் நிறத்தை அழித்துப் புதிதாகப் பூசினால் சேகரிப்பவர் கண்ணில் மதிப்புக் குறையும்.

ரீங்காரமிடும் வாட்ச் வெறித்தனமாக முந்துகிறது

1960இல் வெளிவந்த புலோவா அக்யூட்ரானில் பேலன்ஸ் கிடையாது, விநாடிக்கு 360 தடவை அதிரும் இசைக்கவை இருக்கிறது. அது பாதரச பேட்டரியின் 1.35 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது. இன்று கிடைக்கும் சில்வர் ஆக்சைடு பேட்டரி 1.55 வோல்ட். கவை அதிகமாக அதிர்ந்து, ஒரு பல் நகர வேண்டிய இடத்தில் இரண்டு பல் தள்ளும். வோல்ட்டைக் குறைக்கும் இணைப்போடு பேட்டரியைப் போட வேண்டும், அல்லது உள்ளமைப்பைப் புது வோல்ட்டுக்குச் சீர்செய்ய வேண்டும்.

சரி, வாட்சை மூடிவைத்துவிட்டு சைக்கிளுக்கு வருவோம்.

பெடல் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை

பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீல் இரண்டு பக்கமும் சுதந்திரமாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் நாக்குகள் பழைய கிரீஸில் படுத்துவிட்டன. வாட்சின் கிளிக் செய்யும் அதே வேலையைத்தான் இவை இங்கே செய்கின்றன. மூடியைக் கழற்றப் போகாதீர்கள். அதன் மரை இடப்பக்கம் திரும்புவது, உள்ளே இரண்டு வரிசையில் டஜன் கணக்கில் பொடிப்பொடி பால்ரஸ் குண்டுகள், இடைவெளியைத் தீர்மானிக்கும் தாள்போன்ற வாஷர்கள். எல்லாம் மேசையில் உருளும். அதற்குப் பதிலாக, உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடைப்பட்ட கோட்டில் மண்ணெண்ணெயை ஊற்றிச் சுற்றுங்கள். கறுப்பாக வருவது தெளிவாகும்வரை திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். நன்றாக வடியவிட்டு அதே கோட்டில் கொஞ்சம் கெட்டியான எண்ணெய் விடுங்கள். நாக்குகள் நிமிர்ந்து டிக் டிக் என்று பேசத் தொடங்கும். கிரீஸ் மட்டும் திணிக்க வேண்டாம், குளிரில் மறுபடி படுத்துவிடும்.

மூன்று கியர் ஹப் வழுக்குகிறது, அல்லது நடுவில் வெறுமையாகச் சுற்றுகிறது

ஹப் என்பது சக்கரத்தின் நடுக்குடம், இந்த வகையில் கியர்கள் அதற்குள்ளேயே இருக்கும். ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் ஏடபிள்யூ என்ற மூன்று கியர் ஹப் 1936இல் வந்தது, பல பத்தாண்டுகள் மாறாமல் தயாரானது. தயாரித்த வருடத்தின் கடைசி இரண்டு எண்கள் ஹப் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், சேகரிப்பவர்களுக்கு இது பெரிய வரம். இரண்டாவது கியர் நேர் வேகம், அதாவது பின்பல்லும் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். முதல் கியர் அதில் முக்கால், மூன்றாவது அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

முதலில் காது. பெடல் மிதிக்கும்போது முதல் கியரில் அமைதி, இரண்டிலும் மூன்றிலும் டிக் டிக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் முதல் கியர் நாக்குகள் பசையில் சிக்கியிருக்கின்றன, முதல் கியரில் மிதித்தால் வழுக்கும்.

எனக்கு வந்த ஒரு ஹப்பை "உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கையில் எடுத்துச் சுற்றினால் சத்தமே இல்லை, தேனுக்குள் சுற்றுவதுபோல் ஒரு கனம். உடலில் உள்ள எண்ணெய்த் துளையின் மூடியைத் திறந்து பத்துச் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சுற்றி, ஒரு பழைய துணியின் மேல் படுக்கவைத்தேன். காலையில் துணியில் பழுப்புக் கருப்பட்டிப் பாகு போல ஒரு வட்டம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் லேசான எண்ணெய் விட்டுச் சுற்றும்போது முதலில் ஒரு டிக், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு டிக், அப்புறம் சீராகப் பிடித்துக்கொண்டது. ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை.

டிக் சத்தம் சரியாக இருந்தும் வழுக்கினால் கேபிள் இழுவை. லீவரை நடு இடத்தில், அதாவது இரண்டாவது கியரில் வையுங்கள். வலப்பக்க நட்டில் உள்ள துளை வழியாகப் பார்த்தால் உள்ளே ஓடும் கம்பியின் தோள் தெரியும். அந்தத் தோள் அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். அந்தக் கம்பியைக் கேபிளோடு இணைக்கும் சின்னச் சங்கிலியில் உள்ள திருகைச் சுற்றிச் சரிசெய்யலாம். கேபிள் தளர்ந்திருந்தால் முதல் கியர் முழுதாக விழாது, இறுக்கமாக இருந்தால் மூன்றாவது பிடிக்காது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எதுவும் பிடிக்காத ஒரு வெற்றிடம் உண்டு. அங்கே நிற்கும்போது எழுந்து நின்று மிதித்தால் கால் சட்டென்று கீழே போகும், ஆளைத் தூக்கி ஹேண்டில்பாரில் அடிக்கும். கேபிளைச் சரிசெய்யும்வரை உட்கார்ந்தே மிதியுங்கள். அந்தச் சின்னச் சங்கிலியை மீண்டும் போடும்போது கையால் முழுதாகத் திருகி, அப்புறம் அரைச் சுற்றுக்குள் பின்வாங்கிக் கேபிளுக்கு நேராக்குங்கள்.

கேபிளும் சரி, டிக்கும் சரி, ஆனாலும் மூன்றாவதில் வழுக்குகிறது என்றால்தான் உள்ளே கிளட்ச்சின் மூலைகள் மழுங்கியிருக்கும். அப்போதுதான் கழற்ற வேண்டும்.

செயின் தாவுகிறது

பன்னிரண்டு முழுக் கண்ணியின் நீளம் புதுச் செயினில் 304.8 மி.மீ. அது 306.4ஐத் தொட்டால் செயினை மாற்றுங்கள். 308க்கு மேல் போயிருந்தால் ஃப்ரீவீல் பற்களையும் அது தின்றிருக்கும், புதுச் செயின் அதில் உட்காராமல் தாவும். அபூர்வமான, இதுவரை ஓட்டாமல் புதிதாகவே இருக்கும் பழைய ஃப்ரீவீலில் தேய்ந்த செயினை மாட்டி ஓட்டுவது அந்த ஃப்ரீவீலை வீணாக்கும் வேலை.

எல்லாப் பல்லிலும் ஏதோ ஒரு தாளத்தில் தாவினால் ஒரு கண்ணி மட்டும் விறைத்திருக்கிறது. பெடலை மெதுவாகப் பின்னால் சுற்றி, அடியில் உள்ள சின்னச் சக்கரத்தைக் கடக்கும்போது பாருங்கள். விறைத்த கண்ணி ஒரு சின்ன மேடுபோல் துள்ளிக் கடக்கும்.

லீவர் தானாகவே நகர்ந்து கியர் மாறுகிறது, அல்லது கியர் தாமதமாக விழுகிறது

உராய்வால் நிற்கும் பழைய லீவர் நழுவினால் அதன் திருகை இறுக்குங்கள். இறுக்கியும் நழுவினால் உராய்வு வாஷரில் யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள். கழற்றித் துடைத்து உலர்வாகப் போடுங்கள்.

டீரெய்லர் என்பது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம். 1964இல் சன்டூர் நிறுவனம் சாய்வான இணைகர அமைப்போடு டீரெய்லரைக் கொண்டுவந்தது. அது பல்சக்கரங்களின் சரிவை ஒட்டியே நகர்வதால் இடைவெளி மாறாது. 1984இல் காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். அதற்கு முந்திய டீரெய்லரில் லீவரைக் கொஞ்சம் மிகையாக இழுத்து, கியர் விழுந்ததும் பின்வாங்க வேண்டியிருக்கும். அது அதன் சுபாவம், பழுது இல்லை.

கிளிக் கிளிக் என்று படிப்படியாக நகரும் லீவரில் வேறு கணக்கு. எல்லாக் கியரிலும் ஒரே அளவு விலகினால் கேபிள் இழுவையைச் சரிசெய்தால் போதும். முதல் கியர் சரி, இரண்டாவது ஓரளவு சரி, போகப்போக விலகல் கூடுகிறது என்றால் லீவரும் டீரெய்லரும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. 1980களின் நடுவில் வந்த ஷிமானோ டியூரா ஏஸ் 7400 வரிசை, அதே நிறுவனத்தின் மற்ற வரிசைகளோடு சேராது. கேபிள் இழுக்கும் அளவு வேறு. நாள் முழுக்கத் திருகினாலும் சரிவராது, ஜோடியைத் தேடுங்கள்.

செயின் ஸ்போக்கில் விழுந்தால் ஓட்டுவதை அங்கேயே நிறுத்தி, டீரெய்லர் ஸ்போக் பக்கம் நகரும் எல்லையைக் கட்டுப்படுத்தும் ‘எல்’ (L) திருகை உள்ளே கொண்டுவாருங்கள். அப்படியும் விழுந்தால் டீரெய்லர் தொங்கும் காது வளைந்திருக்கும்.

திருகி மாட்டும் பாகம் கைகளால் இரண்டு சுற்று ஏறுகிறது, அப்புறம் இறுகுகிறது

இந்த இடத்தில் ஸ்பேனரை எடுப்பவர்கள்தான் நல்ல பாகங்களைக் கொல்கிறார்கள். மரை வேறு நாட்டுடையது. பெடலில் பரவலானது 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பழைய பிரெஞ்சுப் பெடல் 14 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ. அதில் வலத்துக்கு ‘டி’ (D), இடத்துக்கு ‘ஜி’ (G) என்று பொறித்திருப்பார்கள். இங்கிலீஷ் ஃப்ரீவீலின் மரை 1.370 அங்குலம், அங்குலத்துக்கு 24. பிரெஞ்சில் 34.7 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. விட்டத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் தொடக்கத்தில் ஏறுகிறது. அலுமினிய ஹப் இரும்பு ஃப்ரீவீலுக்கு முன் நிற்காது, மரை வழிந்து வந்துவிடும்.

மரை கேஜை வைத்துப் பாருங்கள். கேஜ் இல்லை என்றால், அளவு தெரிந்த ஒரு பாகத்தின் மரையை இதன் மரையோடு ஒட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பல் போல் உட்கார்ந்து வெளிச்சம் மறைந்தால் ஒரே மரை. கிராங்குகளின் அச்சைத் தாங்கும் அடிப்பகுதிக் கிண்ணத்தைக் கழற்றும்போதும் கவனம்: இங்கிலீஷ் வகையில் வலப்பக்கக் கிண்ணம் இடமரை, பிரெஞ்சிலும் இத்தாலியிலும் வலமரை.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ‘டக்’

பெடலைத் தாங்கும் கையான கிராங்க், காட்டர் பின் என்ற ஆப்பால் அச்சோடு பிணைக்கப்பட்டது என்றால் இரண்டு கிராங்கையும் படுக்கையாக நிறுத்தி, ஒரு பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு நூலளவு இறங்கி அப்புறம் பிடித்தால் காட்டர் தளர்ந்து, அதன் சாய்ந்த முகத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. நட்டை இறுக்கிப் பயனில்லை, புதுக் காட்டர்தான். விட்டத்தை அளந்து வாங்குங்கள், 9.5 மி.மீ.யும் 9 மி.மீ.யும் இரண்டுமே புழக்கத்தில் இருந்தவை. அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயால் முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடி முழுவதும் பேரிங்கில் இறங்கும்.

ஃப்ரீவீல் கழல மாட்டேன் என்கிறது

வருடக்கணக்கில் மிதித்து இறுகிய மரை இது. அதன் பள்ளங்களுக்குச் சரியாகப் பொருந்தும் கழற்றி மட்டுமே வேண்டும். இரண்டு பள்ளம், நான்கு பள்ளம், பல் வரிசை என்று வகைகள் உண்டு. பள்ளம் உடைந்தால் வேறு வழி இல்லை. கழற்றியை வைத்து, அச்சின் நட்டால் அழுத்தமாகப் பிடித்துவிடுங்கள். கழற்றியைப் பட்டறை வைஸில் கடித்து, சக்கரத்தையே ஸ்டீயரிங் போல இரு கையாலும் இடப்பக்கம் திருப்புங்கள். ‘மடக்’ என்று முதல் அசைவு வந்ததும் நிறுத்தி நட்டைத் தளர்த்துங்கள், அப்புறம் மீதியைச் சுற்றுங்கள்.

இதற்குச் சக்கரம் முழுதாக இருக்க வேண்டும். ரிம் கெட்டுப்போனது என்று ஸ்போக்குகளை வெட்டிவிட்டு, ஃப்ரீவீல் மாட்டிய ஹப்பை மட்டும் எடுத்துவைப்பவர்கள் உண்டு. அந்த ஹப்பைத் திருகுவதற்குப் பிடிமானமே கிடையாது. நல்ல பழைய ஹப் ஒன்று வளைந்த ரிம்மோடு கிடைத்தால், ஃப்ரீவீலைக் கழற்றிய பிறகே ஸ்போக் மேல் கட்டரை வையுங்கள்.